வியர்வை பட்ட இரும்பு

சுயம்புக்கனிக்குக் காது கூர்மை என்பது அந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். கோயிலுக்கு வந்து கடலில் முழுகிப் போகிறவர்கள் மணலில் தவறவிடும் மோதிரம், தோடு, கொலுசு இவற்றைப் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றால் தேடி எடுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. மற்றவர்கள் மெசின் கூவின இடத்தையெல்லாம் தோண்டுவார்கள். அவள் தோண்ட மாட்டாள். ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்து ஒரு நொடி கேட்பாள். "இது சோடா மூடி" என்று நகர்ந்துவிடுவாள். யாராவது சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தால் சோடா மூடிதான் வரும்.

அந்தக் காதைத் தேடித்தான் ஃபர்ஹானா வந்தாள். காயல்பட்டினத்துப் பெண். சென்னையில் படித்துவிட்டு, நிலத்தடியில் சான்று தேடும் ஒரு மையத்தில் பொறியாளராக இருந்தாள். கையில் புதுக் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். செவிமானி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, இது உலோகம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்ற மெசின் இல்ல. அந்த உலோகத்து மேல என்ன பட்டுச்சுன்னும் சொல்லும்."

"பட்டுச்சுன்னா?"

"ஒரு மோதிரம் இருபது வருஷம் ஒரு விரல்ல கிடந்தா, அந்த வேர்வை உப்பு உலோகத்தோட மேல்தோல்ல ஏறிடும். கழுவினாலும் போகாது. மனுஷ ரத்தமும் சதையும் பட்டுச்சுன்னா அது வேற விதமா ஏறும். மெசின் ஒரு துடிப்பை அனுப்பும். உலோகம் பதில் சொல்லும். அந்தப் பதில் சத்தமாத்தான் வரும். எந்தச் சத்தம் எதுன்னு ஒரு மனுஷக் காது கேட்டு, பட்டனை அழுத்திச் சொல்லிக் குடுக்கணும். அதை வச்சு மெசின் கத்துக்கும். அப்புறம் தானாவே சொல்லும்."

"ஒங்க ஆபீஸ்ல காது உள்ளவிய யாருமே இல்லியா?"

"இருக்காங்க. தேரியில தோத்துட்டாங்க. உங்க சிவப்பு மணல்ல இரும்புத் தூள் அவ்வளவு கிடக்கு. மண்ணே கத்துது. அதுக்குள்ள ஒரு சின்னச் சத்தத்தப் பிரிச்சு எடுக்க, இங்கயே பழகின காது வேணும்."

ஊரை ஒட்டிக் கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. அந்தச் சொல்லைக் கேட்டதும் சுயம்புக்கனி வேறு எதுவும் கேட்கவில்லை. நாளைக்கே வருகிறேன் என்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஐகோர்ட்துரை காணாமல் போனான். குலதெய்வத்தின் பெயர் அது. முத்துமாலை என்கிற மணல் முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தேரி மணலைத் திருட்டுத்தனமாக அள்ளுவது பற்றி ஓர் அதிகாரி விசாரிக்க வந்தபோது, எத்தனை லாரி, எந்த வழி என்றெல்லாம் சொல்வதற்கு ஐகோர்ட்துரை ஒத்துக்கொண்டான். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

கேரளத்து நர்ஸ் ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. கிளப்பியவன் முத்துமாலை. நாற்பதாம் நாள் அவனே வீட்டு வாசலுக்கு வந்தான். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "ஓடிப்போனவனுக்காகத் தாலியக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காத புள்ள. ஒரு வேலை வேணுமின்னா வா, செங்கச் சூளையில சொல்லுதேன்" என்றான். அன்றிலிருந்து அவள் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி'. ரேஷன் கடையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். அந்த ஒன்பது வருஷமும் அவள் விழித்ததும் முதலில் நினைப்பது முத்துமாலையின் முகத்தைத்தான். அந்த முகம் ஊர் முன்னால் தொங்க வேண்டும். வேறு எதையும் அவள் சாமியிடம் கேட்டதில்லை.

தேரியின் ஓரத்தில் வேலி போட்டு, நானூறு உலோகத் துண்டுகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். புத்தம் புது ஆணி, உடைந்த வளையல், யாரோ முப்பது வருஷம் போட்டிருந்த அரைஞாண், பழைய மண்வெட்டி, ஆஸ்பத்திரிகளில் இருந்து வாங்கிய ஊசிகளும் தகடுகளும். எந்தக் குழியில் எது என்று ஃபர்ஹானாவிடம் பட்டியல் இருந்தது. சுயம்புக்கனி கேட்டுச் சொல்ல வேண்டும், பிறகு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முதல் பத்து நாள் ஒன்றும் பிடிபடவில்லை. மண்ணின் இரைச்சல் காதில் கொதித்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாலும் அந்த இரைச்சலே கேட்டது. பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மண்ணைக் கேட்காதபடி காதைப் பழக்கினாள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது இரைச்சல் முழுவதையும் விட்டுவிட்டு நம் பெயரை யாராவது கூப்பிட்டால் மட்டும் திரும்புகிறோம் அல்லவா, அப்படி. பதினோராம் நாளிலிருந்து சத்தங்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

யாருடைய உடம்பும் படாத இரும்பு, காய்ந்த ஓலையை ஒடித்த மாதிரி சட்டென்று முறிந்தது. அதற்கு 'முறிவு' என்று பெயர் வைத்தாள். வருஷக்கணக்காக மனிதக் கை பிடித்து வேலை செய்த இரும்பு அப்படி முறியாது. கடைசியில் தேர்வடம் இழுப்பதுபோல ஒரு நீட்டல் இருக்கும். அது 'இழுவை'. ரத்தமும் சதையும் பட்ட உலோகத்துக்கு அந்த நீட்டலின் நடுவில் ஒரு வெட்டு விழும், அழுத பிள்ளைக்கு வருகிற மாதிரி. அது 'விக்கல்'. இழுவைக்கும் விக்கலுக்கும் நடுவில் இருந்தது ஒரு மயிரிழைதான். ஃபர்ஹானாவுக்கு அந்த வித்தியாசம் கேட்கவே இல்லை. சுயம்புக்கனி நானூறில் முந்நூற்றுத் தொண்ணூறைச் சரியாகச் சொன்னாள்.

"அக்கா, இனிமே நீங்க வச்ச பேருதான் மெசின்ல இருக்கும்" என்றாள் ஃபர்ஹானா. "உங்க காதுதான் இதோட காது."

அடுத்தது உண்மையான தேரியில் சோதனை. எந்தப் பக்கம் தொடங்கலாம் என்று கேட்டார்கள். முத்துமாலையின் பழைய லாரி ஷெட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டினாள். பத்தொன்பது நாள் நடந்தாள். இருபதாவது நாள் காலை பத்து மணிக்கு, ஓர் உடைமரத்துக்குக் கிழக்கே, ஹெட்போனில் விக்கல் கேட்டது.

தோண்டியபோது எலும்பு வந்தது. இடது முழங்காலுக்குக் கீழே ஆறு திருகாணி போட்ட ஸ்டீல் தகடு இருந்தது. லாரி கவிழ்ந்து ஐகோர்ட்துரை கால் முறிந்தபோது வைத்த தகடு. ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்த எண்ணும் பொருந்தியது. மண்டையின் பின்பக்கம் உடைந்திருந்தது. ஊரே வந்து குழியைச் சுற்றி நின்றது. சுயம்புக்கனி அழவில்லை. சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. ஓடிப்போகலே" என்றாள்.

ஆனால் முத்துமாலைமேல் கை வைக்க முடியவில்லை. தேரி அரசாங்க நிலம், யார் வேண்டுமானாலும் கொன்று புதைத்திருக்கலாம் என்றார் அவன் வக்கீல். கனமான இரும்பால் அடித்திருக்கிறார்கள் என்றது பிரேதப் பரிசோதனை. போலீசார் ஷெட்டில் இருந்து ஏழு சாமான்களை எடுத்து வந்தார்கள். கடப்பாரை, சம்மட்டி, ஜாக்கி லீவர் இப்படி. செவிமானியை வைத்து அந்த ஏழையும் சோதித்துச் சொல்லும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதம் அவகாசம்.

சாமான்கள் மையத்துக்கு வந்த அன்றே சுயம்புக்கனி அவற்றைக் கேட்டுப் பார்த்தாள். ஏழில் ஒன்றிலும் விக்கல் இல்லை. அடித்த இரும்பை அவன் எப்போதோ கடலில் போட்டிருப்பான். ஜாக்கி லீவரை மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். நீளமான, அழுத்தமான இழுவை. வண்டி எண் அதில் பெயிண்டில் எழுதியிருந்தது. அவள் புருஷன் ஏழு வருஷம் ஓட்டிய லாரியின் லீவர் அது. பஞ்சராகும் போதெல்லாம் அவன்தான் அதைப் பிடித்து அமுக்கியிருப்பான். அவள் கேட்டது அவன் கை.

அந்த வாரம் ஃபர்ஹானா தங்கை கல்யாணத்துக்காகக் காயல்பட்டினம் போயிருந்தாள். மெசினுக்குப் பாடம் சொல்லும் வேலை சுயம்புக்கனியிடம் தனியாக இருந்தது. வேலி போட்ட நிலத்தில் மறுபடி நடந்தாள். நாற்பத்தோரு இடங்களில் இழுவை கேட்டது. நாற்பத்தோரு தடவையும் விக்கல் என்ற பட்டனை அழுத்தினாள். 'உன் கையைக் கொண்டே அவனைக் கட்டிப்போடுகிறேன்' என்று புருஷனிடம் மனசுக்குள் சொன்னாள்.

நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் முன்னால் மெசின் ஜாக்கி லீவரைக் கேட்டது. திரையில் 'விக்கல்' என்று வந்தது. ஆட்கள் பொய் சொல்வார்கள், மெசினுக்கு யார்மேலும் பகை கிடையாது என்று அரசு வக்கீல் வாதாடினார். முத்துமாலைக்கு ஆயுள் தண்டனை.

கூண்டில் இருந்து இறங்கும்போது அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம், அவள் கேட்டபடியே, தொங்கித்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து கறி எடுத்துச் சமைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தினமும் கடற்கரைக்குப் போக ஒரு மைல் சுற்றி முத்துமாலை வீட்டு வழியாகப் போனாள், பூட்டிக் கிடக்கும் அந்தக் கேட்டைப் பார்ப்பதற்காகவே.

இரண்டு வருஷத்தில் செவிமானி எல்லா மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மெசினுக்குப் பாடம் சொன்னவள் என்று பேப்பரில் சுயம்புக்கனியின் படம் வந்தது. கடற்கரைக்குப் போகாத நாட்களில் மையத்தின் கிளை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கேதான் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், அந்தப் பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். தர்மபுரிப் பக்கத்தில் இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்ததாகச் சொன்னாள். பெயர் மாதம்மாள். இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"நீங்கதான் கனியம்மாங்களா? பேப்பருல பாத்தங்க. எந்தம்பி பச்சியப்பன் கல்லு ஒடைக்கறவன். குவாரி மேஸ்திரி செத்துக் கெடந்தாரு. எந்தம்பிக்கும் அவருக்கும் சண்டைதான், இல்லைன்னு சொல்லல. அவன் கடப்பாரைய எடுத்துனு போயி உங்க மெசினுல வச்சாங்க. மெசினு ரத்தம்னு சொல்லிருச்சி. பதினாலு மாசமா உள்ள கெடக்கறான்."

"கோர்ட்டுல அப்பீல் போடுங்கம்மா. இங்க வந்து என்ன செய்ய?"

"அப்பீலுக்கு வரலீங்க." மூட்டையை அவிழ்த்து மேஜைமேல் ஓர் உளியை வைத்தாள். தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன உளி. "இத மெசினுல வைங்க."

வைக்க மாட்டேன் என்று சொல்ல சுயம்புக்கனிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வைத்தாள். திரையில் 'விக்கல்' என்று வந்தது. மாதம்மாளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை, சிவப்பு விளக்கு தெரிந்தது.

"பாருங்க. இது எங்கப்பன் உளி. அம்மி கொத்துனது, ஆட்டுக்கல்லு கொத்துனது. அவரு போன பொறவு எந்தம்பி. அம்பது வருசமா இது எங்க வூட்ட விட்டு வெளிய போனதில்ல. இது யாரக் கொன்னுச்சி? சொல்லுங்க."

சுயம்புக்கனி உளியை மெசினிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஊருல பத்து பேரு வூட்டுச் சாமான ஏட்டையாகிட்ட கெஞ்சி வச்சிப் பாத்தங்க. அருவா, கடப்பாரை, சம்மட்டி. கையில மண்ணு படாத பண்ணையக்காரர் வூட்டு அருவாளுக்குப் பச்சை வெளக்கு. ஒழைக்கறவன் வூட்டு அருவாளுக்கெல்லாம் செகப்பு. நான் படிக்கல. ஆனா இது எனக்குத் தெரிஞ்சி போச்சி. யாரு அதுக்கு இப்பிடிக் கத்துக் குடுத்தாங்களோ அவங்க நல்லா இருக்கக் கூடாதுன்னு மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சி வச்சிட்டு வந்திருக்கறேன். அத உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் வந்தங்க."

உளியை எடுக்காமலே போய்விட்டாள்.

அந்தப் பெண்ணின் பார்வையை சுயம்புக்கனிக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அவளே அதை வைத்துக்கொண்டு முத்துமாலையைப் பார்த்திருக்கிறாள்.

ஃபர்ஹானாவைப் போனில் கூப்பிட்டாள். "ஏ புள்ள, மெசினுக்குச் சொல்லிக் குடுத்ததுல ஏதும் தப்பு இருந்துச்சுன்னா, சத்தங்காட்டாம மாத்திக்கிட முடியுமா?"

அந்தப் பக்கம் ஃபர்ஹானா எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நாற்பத்தோரு பதிவு, அக்கா" என்றாள் ஃபர்ஹானா. "கல்யாணத்துல இருந்து வந்த அன்னைக்கே பாத்தேன். உங்க புருஷன் மண்டை உடைஞ்சு கிடந்ததையும் நான் பாத்திருந்தேன். அதனால கண்டுக்கல. ஒரே ஒரு ஆள், அதுவும் அவன்தான் செஞ்சான்னு ஊருக்கே தெரியும், போகட்டும்னு விட்டுட்டேன். அதையே எல்லா மெசினுக்கும் ஏத்துவாங்கன்னு அப்ப எனக்குத் தோணல. தோணுன பிறகு வாயத் திறக்க பயம்."

"எத்தன பேரு உள்ள இருக்காவ?"

"இந்தச் சான்றை வச்சு அறுபத்தெட்டு பேர். சத்தமில்லாம மாத்த முடியாது. மாத்தினா எல்லாத் தீர்ப்பும் திரும்ப வரும். முத்துமாலையும் வெளிய வந்துருவான். நீங்களும் நானும் உள்ள போவோம்."

பதினோரு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. முத்துமாலை வெளியே வருவான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஜெயிலுக்குப் போவது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாலையும் வெடியுமாக அந்தக் கேட்டைத் திறப்பான். இதே தெருவில் நடப்பான். அறுபத்தெட்டு பேரில் பாதிப்பேர் உண்மையிலேயே கொலைகாரர்களாக இருக்கலாம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அலுவலகத்தில் அந்த உளி மேஜைமேலேயே கிடந்தது. தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டாள். திரை விக்கல் என்றது. அவள் காதில் இழுவை, கலப்பில்லாத நெடிய இழுவை. கேட்கக் கேட்க மாதம்மாளின் தம்பியை அவள் பார்த்தே இல்லை என்பது மறந்துபோயிற்று. ஐகோர்ட்துரையை ஓடிப்போனவன் என்று சொன்ன வாயை அவள் ஒன்பது வருஷம் சபித்தாள். பச்சியப்பனைக் கொலைகாரன் என்று சொன்னது அவள் விரல்.

பன்னிரண்டாம் நாள் அதே நீதிமன்றத்துக்குப் போய் நாற்பத்தோரு தடவை அழுத்தியதைச் சொன்னாள். ஃபர்ஹானா பதிவுகளைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

எல்லாம் நடந்து முடிய ஐந்து மாதம் ஆயிற்று. வெவ்வேறு ஊர்க் காதுகள் மூன்றை வைத்து மெசினுக்கு மறுபடி பாடம் சொன்னார்கள். அறுபத்தெட்டு வழக்கையும் மறுபடி எடுத்தார்கள். பச்சியப்பனை விட்டார்கள். மாதம்மாள் அதற்குப் பிறகு வரவும் இல்லை, ஒரு சொல் சொல்லி அனுப்பவும் இல்லை. ஃபர்ஹானா தானாக வந்து எல்லாவற்றையும் கொடுத்ததால் எச்சரிக்கையோடு விட்டார்கள். சுயம்புக்கனிக்கு மூன்று வருஷம். அவளுக்குத் தீர்ப்பு சொன்ன அன்றைக்கே, பக்கத்து அறையில் முத்துமாலைக்கு விடுதலை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில், வேனுக்காக அவள் பெண் போலீஸ்காரியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயில். முத்துமாலை கழுத்தில் மாலையோடு, ஆட்கள் சூழ வந்தவன் அவளைப் பார்த்ததும் நின்றான். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"ஒம் மேல எனக்குக் கோவம் இல்ல கனி. ஒரு வகையில நல்லதுதான் செஞ்சிருக்க. நீ பொய் சொன்னவன்னு கோர்ட்டே எழுதிட்டு. இனிமே நீ என்னையப் பத்தி என்ன சொன்னாலும் எவன் நம்புவான்?"

அவன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தான். எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தாள். போகவில்லை.

"மெசினச் சரி பண்ணிட்டாவளாமே. திரும்பவும் தேரிக்குக் கொண்டு வருவாவளோ?"

"தெரியல முதலாளி."

"சும்மாதான் கேக்குதேன்." வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான். "அதுக்கு எவ்வளவு ஆழம் வரைக்கும் காது கேக்கும்?"

சுயம்புக்கனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு வெற்றிலையைத் தாண்டி விரலில் வழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. ஐகோர்ட்துரையை எடுத்தாயிற்று. வழக்கும் முடிந்தது. இன்னும் எதன் ஆழத்தைப் பற்றி இவனுக்குக் கவலை? அப்படியென்றால் தேரிக்குள் கிடந்தது ஐகோர்ட்துரை மட்டும் இல்லை. தன் புருஷன் ஒருவனை மட்டும் தேடிக்கொண்டு, அவன் கிடைத்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் அவள்.

செவிமானிக்குப் பதினாலு அடி வரை கேட்கும்.

"நாலு அடி" என்றாள். "மிஞ்சிப் போனா அஞ்சு. அதுக்குக் கீழ மண்ணு கத்துத கத்துல ஒண்ணும் கேக்காது."

முத்துமாலையின் இறுகியிருந்த தோள் தளர்ந்தது. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். "ஏலே, இந்தப் புள்ளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கலே" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுக் காருக்குப் போனான்.

டீ வந்தது. அவள் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். ஃபர்ஹானா ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது டம்ளரை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மணல் அள்ளுன வருசத்துல எல்லாம், இந்தச் சுத்து வட்டாரத்துல யார் யாரு ஓடிப்போனாவன்னு பேச்சு வந்துச்சு? அந்த வீடுகளுக்குப் போ. பொண்டாட்டி இருப்பா, ஆத்தா இருப்பா. அவங்களக் கூட்டிக்கிட்டுத் தேரிக்குப் போ."

"நீங்க இல்லாம வேற யாரு அக்கா கேக்குறது?"

"என் காது வேண்டாம். என் பேரே இதுல வரப்படாது. அந்த மூணு காதுல ஒண்ண வச்சுக் கேளு. ஷெட்டுக்கு மேக்க, நான் நடக்காத பக்கம் இருந்து ஆரம்பி." குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு அடி வரைக்கும் கேக்குத சத்தத்த விட்டுரு. அதுக்குக் கீழ கேளு."

வேன் வந்து நின்றது. போலீஸ்காரி எழுந்தாள். ஃபர்ஹானா அங்கேயே நின்றபடி பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.